வளைவில் ஒரு வசனம், வாசலில் ஒரு போர்டு

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காக அதிகாலை ஜெபத்தில் தவறாமல் கேட்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வீடியோவில் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் அம்மா வாங்கிக்கொள்வாள். அவள் பேசி முடிப்பதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கிறிஸ்மஸ் அன்னைக்கு ஜெர்மனியிலேயே ஊன்றி இருன்னு சொன்னீங்க. இப்போ வந்துரும்மாங்கிறீங்க. ஒரே முக்குல ரெண்டு போர்டு வச்சா வண்டி எந்தப் பக்கம் போகும்?" நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ரோட்டு வேலை பார்த்து, எத்தனையோ முக்கில் ஆள் வைத்துப் போர்டு நட்டவன் நான். பெற்ற பிள்ளை கேட்டதற்குப் பதில் வரவில்லை.

போன வாரம் நாங்கள் தரங்கம்பாடி போய்வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். எதற்குத் திடீரென்று கிளம்பினோம் என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். நீ லீவு நாளில் லைப்சிக்கிலிருந்து ரயிலேறி ஹாலே என்ற ஊருக்குப் போய், ஒரு பழைய அநாதை விடுதியின் முகப்பைப் படமெடுத்து அனுப்பினாய் அல்லவா? சூரியனைப் பார்த்துப் பறக்கிற இரண்டு கழுகு, கீழே ஏசாயா வசனம். பிராங்கே ஐயர் 1698-இல் அஸ்திபாரம் போட்டுக் கட்டியது என்று எழுதியிருந்தாய். தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயர் படித்த ஊர் அது. அந்த மனுஷன் அங்கிருந்து இங்கே வந்தார், நீ இங்கிருந்து அங்கே போயிருக்கிறாய். அந்த முனையை நீ பார்த்துவிட்டாய், இந்த முனையை நாம் பார்க்க வேண்டாமா என்று அம்மாதான் ஆரம்பித்தாள்.

விடியற்காலை நாலரை மணிக்கு வாடகைக் கார் வந்தது. டிரைவர் தம்பி உள்ளே வராமல் தெருவிலேயே நின்று போன் அடித்தான். என்னவென்று போய்ப் பார்த்தால், நம் கேட்டில் இருக்கிற "நாய்கள் ஜாக்கிரதை" போர்டைப் பார்த்துப் பயந்து நிற்கிறான். ஜிம்மி செத்து மூன்று வருஷம் ஆகிறது. "நாய் இல்லை தம்பி, போர்டு மட்டும்தான்" என்றேன். "அப்ப எதுக்குங்கய்யா போர்டு?" என்று கேட்டான். எங்கள் பயணம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஆச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து மைல்கல் எண்ணுவாய். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநிலச் சாலை என்று நான் சொல்லிக்கொடுத்ததை, பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு எல்லாம் நீ சொல்லிக்கொடுப்பாய். "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்று பஸ்ஸில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சிரம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதற்காகத் தலையை வெளியே நீட்டி கண்டக்டரிடம் கேட்டவள் நீ. அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஊரைத் தாண்டியதுமே ஒரு வேடிக்கை. தூத்துக்குடி ரோட்டில் ஒரு பழைய கல்லில், மேல்பூச்சு உதிர்ந்து 7ஏ என்று தெரிகிறது. கொஞ்ச தூரத்தில் பளபளவென்று புதுப் பலகை, 138 என்கிறது. தம்பி குழம்பிவிட்டான். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண் மாற்றினார்கள். 7ஏ என்று இருந்ததுதான் 138 ஆனது. கன்னியாகுமரி போகிற பழைய 7-ம் 44 ஆகிவிட்டது என்று சொன்னேன். "அப்ப ரெண்டும் ஒரே ரோடா?" ஒரே ரோடுதான். எண் மாறியதால் ரோடு நகர்ந்து போகவில்லை.

சாயல்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கல்லாவுக்கு மேலே "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று சிவப்பில் எழுதியிருந்தது. இந்த வாசகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். என்றைக்குப் போனாலும் அன்றைக்கு இன்றுதான், அந்த நாளை வரவே வராது. அம்மா உடனே, "இதோ, இப்பொழுதே அநுக்கிரககாலம்" என்று கொரிந்தியர் வசனத்தை எடுத்துவிட்டாள். பாவி மனுஷன் மனந்திரும்புவதை நாளைக்கு என்று எழுதிவைத்து ஏமாறுகிறான், கடைக்காரர் கடனை நாளைக்கு என்று எழுதிவைத்துத் தப்பிக்கிறார் என்றாள். உன் அம்மா பிரசங்கம் பண்ணியிருந்தால் சபை தூங்கியிருக்காது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கைலி கட்டிய ஒருவர் வந்து இரண்டு வடையும் ஒரு பன்னும் எடுத்துக்கொண்டு, "எழுதிக்கங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் அந்தப் போர்டுக்கு நேர் கீழே தொங்கிய நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார். கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை. "கடலுக்குப் போய் நாலு நாளாச்சு, காத்து சரியில்ல" என்று எங்களிடம் அவருக்காகக் காரணம் வேறு சொன்னார்.

அப்புறம் வழி நெடுக இதே கண்ணாகத்தான் வந்தோம். ஒரு குழாய்க்கு மேலே "குடிநீர்" என்று பெயிண்டில் எழுதி, அதன் கீழேயே "குடிக்க உகந்ததல்ல" என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு மைதானத்தில் "இங்கு வாகனங்கள் நிறுத்தக்கூடாது", அதற்கு அடுத்த கம்பத்தில் "கார் நிறுத்தக் கட்டணம் ரூ.50". ஒரு ஆஸ்பத்திரி வாசலில் "ஒலி எழுப்பாதீர்" பலகைக்குப் பக்கத்தில் நின்ற லாரியின் முதுகில் "ஒலி எழுப்பவும்". டிரைவர் தம்பி ஹாரனில் கையை வைத்துக்கொண்டு, "நான் யார் பேச்சைக் கேக்கணும்யா?" என்று திரும்பிப் பார்த்தான். அம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் செல்லம் மடியிலிருந்து உருண்டுவிட்டது. மார்ச் மாதம் அவள் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ராமநாதபுரம் தாண்டி "மாற்றுப் பாதை" என்று அம்புக்குறி போட்ட ஒரு தகரப் பலகை. நேரே பார்த்தால் ரோடு நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் போர்டு சொல்கிறதே என்று தம்பி இடது பக்கம் ஒடித்துவிட்டான். கால் மணி நேரம் உடைமரக் காட்டுக்குள் புழுதி குடித்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "அந்தப் பால வேல முடிஞ்சு ரெண்டு மாசமாச்சே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

தம்பி வாய்க்கு வந்தபடி திட்டினான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், ஒரு சிறுபாலம் வேலை முடிந்த பிறகும் மாற்றுப் பாதைப் பலகையை எடுக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்களை அனுப்பிவிட்டேன், அப்புறம் மறந்தே போனேன். மூன்றாம் நாள் காலை ஒரு மாட்டுவண்டிக்காரர் என்னைத் தேடி வந்தார். கருப்பட்டிப் பாரம் ஏற்றிக்கொண்டு ராத்திரி அந்தப் பக்கம் வந்திருக்கிறார். இருட்டில் பாலம் முடிந்தது தெரியாது, பலகை சொன்னபடி குளத்துக்கரை வழியாகச் சுற்றியிருக்கிறார். கரையில் சக்கரம் இறங்கி, ஒரு மாட்டுக்குக் கால் பிசகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. "பாலம் என்னைக்கு முடிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். "முந்தாநாள்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நடும்போது அந்தப் பலகை பொய் இல்லை, மகளே. உண்மையாகவே பாலம் உடைந்திருந்தது, உண்மையாகவே சுற்றித்தான் போக வேண்டும். வேலை முடிந்த பிறகு எடுக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ரோட்டில் நீ பார்க்கிற முக்கால்வாசி முரண்பாடு இப்படி வந்ததுதான். இரண்டு பலகையும் அததன் நாளில் உண்மை.

இப்போது நான் கேட்டுக்கொள்ள வேண்டிய மன்னிப்புக்கு வருகிறேன். மார்ச் மாதம் அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்தபோது "முழங்காலில் லேசான வீக்கம்" என்று உன்னிடம் சொன்னோம். லேசானது இல்லை. ராத்திரி பதினொரு மணி. தூக்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டிவந்தேன். பின்னால் "பிரசவத்துக்கு இலவசம்" என்று எழுதியிருந்தது. அந்தப் பையன் அம்மாவைக் குழந்தை மாதிரித் தூக்கி உட்காரவைத்தான். எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் கூடவே நின்றான், திரும்பக் கொண்டுவந்து விட்டான். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "பிரசவத்துக்குத்தானே தம்பி இலவசம்?" என்றேன். "எல்லாம் அம்மாதானே ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எலும்பு முறிவு இல்லை, தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரத்தில் நடந்துவிட்டாள், இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள், அதைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். ஆனால் அன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். "வந்துரும்மா" என்று நான் உன்னிடம் சொன்னது அந்த ராத்திரியின் தொடர்ச்சி. பாலம் உடைந்த அன்று நட்ட பலகை அது. பாலம் சரியான பிறகும் எடுக்காமல் விட்டுவிட்டேன், உன் வண்டியைக் குளத்துக்கரையில் சுற்றவிட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

சரி, வழியில் பார்த்த ஒரு கிறிஸ்தவக் கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

தொண்டி தாண்டி ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். உச்சி வெயில், அம்மாவுக்குக் காலை நீட்ட ஒரு நிழல் வேண்டும். ரோட்டோரம் ஓடு போட்ட கோயில், உள்ளே இரண்டு பெரிய வேப்பமரம், குழாய், சிமெண்ட் பெஞ்ச். வாசல் வளைவில் நீல எழுத்தில், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." அதற்கு நேர் கீழே கேட்டில் சங்கிலி, பூட்டு. பூட்டுக்கு மேலே தகரத்தில், "அந்நியர் உள்ளே பிரவேசிக்கக் கூடாது."

டிரைவர் தம்பி நம் ஆள் இல்லை, வேதம் தெரியாதவன். அவன் அந்த இரண்டையும் உரக்க ஒருமுறை படித்துவிட்டு என்னைப் பார்த்தான். அதுவரை வழியெல்லாம் அவனும் நானும் சேர்ந்து சிரித்தோம். இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவர்கள் நம்மவர்கள்.

அப்போதுதான் பார்த்தேன். மதிலுக்கு வெளியே, ஒரு முழம் நிழலில், மீன்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். பக்கத்தில் காலி அலுமினியக் கூடை, தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. விடியற்காலையிலிருந்து வீடு வீடாக அலைந்து விற்றுவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். வளைவில் எழுதியிருந்த பாரஞ்சுமக்கிறவள் அட்சரம் பிசகாமல் அவள்தான். அவளுக்கு மேலே வசனம், அவளுக்குப் பின்னால் மதில். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "உள்ள போய் மரத்தடியில உக்காரலாமே?" என்று அம்மா கேட்டதற்கு, "நமக்கெல்லாம் இல்லம்மா அது, போர்டு வச்சிருக்காகள்ல" என்றாள். படிக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டாள். தெரியாதாம், யாரோ படித்துச் சொன்னார்களாம். எந்தப் போர்டைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள் பார். மேலே இருந்ததை ஒருவரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

எங்கள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து காவல்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, காது கொஞ்சம் மந்தம். நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறோம் என்றதும் சாவியை எடுத்தார். நான் அந்தத் தகரத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரியில் காணிக்கைப் பெட்டியை உடைத்து, மைக் செட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். கமிட்டியில் பேசி அந்தப் போர்டு வைத்தார்களாம். "அன்னைக்கு எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அடிபட்ட வீடு பூட்டத்தான் செய்யும். ராத்திரித் திருடனுக்காக வைத்த பலகையைப் பட்டப்பகலில் களைத்துப்போன ஒரு அம்மாள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள், அதுதான் என்னை உறுத்தியது.

கேட் திறந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். அவள் எழுந்தாள், ஆனால் கூடையைத் தூக்கவில்லை. செருப்பையும் கூடையையும் வெளியே வைத்துவிட்டு, "மீன் வாடை அடிக்கும்" என்று கூச்சத்தோடு நின்றாள். காவல்காரர் குனிந்து அவள் கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கம்மா, பேதுருவும் மீன் வாடையோடதான் வந்தாரு" என்றார். இயேசுவின் சீஷனான மீனவர் பேதுரு யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் கூடையை எடுத்தது புரிந்தது. குழாயில் முகம் கழுவி, சும்மாட்டை அவிழ்த்து உதறி மடித்துத் தலைக்கு வைத்து, வேப்பமரத்தடியில் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. நாங்கள் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வந்தால் எழுப்பிவிடுகிறேன் என்று காவல்காரர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

காரில் ஏறிய பிறகு தம்பி ஒரு கேள்வி போட்டான். "உங்க வேதத்திலயும் இப்படி ரெண்டு ரெண்டா இருக்குமாய்யா?" இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தில் நாலாம் வசனம், "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்கிறது. ஐந்தாம் வசனம், அடுத்த வரியே, "மறுஉத்தரவு கொடு" என்கிறது. நடுவில் ஒரு மூச்சுவிடக்கூட இடமில்லை. தம்பிக்கு ஒரே சந்தோஷம். நான் அவனுக்கு ரோட்டுக் கணக்கிலேயே சொன்னேன். சிவப்பு வட்டம் கட்டளை, மீறினால் அபராதம். முக்கோணம் எச்சரிக்கை, வளைவு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பார்த்துப் போ என்பது. முக்கோணத்தில் வலது வளைவும் வரும், கொஞ்ச தூரத்தில் இடது வளைவும் வரும், ஒன்றோடொன்று சண்டை கிடையாது. நீதிமொழிகள் முக்கோணங்கள். பதில் சொன்னால் நீயும் அவனைப் போலாகிவிடும் ஆபத்து ஒரு வளைவு; சொல்லாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வது இன்னொரு வளைவு. ஸ்டியரிங் உன் கையில்தான் இருக்கிறது. நான் உனக்குச் சொன்ன எத்தனையோ முக்கோணங்களைச் சிவப்பு வட்டம் மாதிரிச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் தாண்டிப் போனால் "புதுச்சேரி வரவேற்கிறது" என்று வரும். புதுச்சேரி நகரம் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அப்படி. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் "தமிழ்நாடு வரவேற்கிறது". நாம் எப்போது தமிழ்நாட்டை விட்டுப் போனோம் என்று அம்மா கேட்டாள். உன்னைப் பார்க்க வந்தால் ஏர்போர்ட்டில் எத்தனை தரம் இப்படி வரவேற்பார்கள் என்றும் கேட்டாள்.

தரங்கம்பாடியில் 1792-இல் கட்டிய ஊர் வாசலுக்குள் நுழைந்து ராஜா வீதியில் நடந்தால் புது எருசலேம் ஆலயம். 1718-இல் பிரதிஷ்டை செய்தது. அடுத்த வருஷமே சீகன்பால்கு ஐயர் இறந்துபோனார், முப்பத்தாறு வயது. கல்லறை ஆலயத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த மனுஷனுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார். அனுப்பியவர் டென்மார்க் ராஜா. 1706 ஜூலையில் வந்து இறங்கினால், அதே ராஜாவின் கொடி பறக்கிற கோட்டையின் தலைவருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ராஜாவின் கடிதம் போ என்கிறது, கோட்டை நில் என்கிறது. 1708-இல் பிடித்து நாலு மாதம் சிறையில் அடைத்தும் விட்டார்கள். வெளியே வந்தவர் உடனே ஊருக்குக் கப்பல் ஏறிவிடவில்லை. மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்ற தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், அது 1715-இல் அச்சாகி முடிந்தது. உன் பெட்டியில் ஆச்சி வைத்துவிட்ட பைபிளுக்கு முன்னோடி அது.

ஆலயத்தில் வேறு யாரும் இல்லை. அம்மா முழங்கால் போட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபித்தாள். எனக்கு அன்றைக்குக் கண்ட பலகைகள் எல்லாம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கடைசியில் யோவான் 19 வந்தது. இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த தேசாதிபதி பிலாத்துவும் ஒரு மேலெழுத்து எழுதிச் சிலுவையின்மேல் போடுவித்தான். எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்று மூன்று பாஷை, வழிப்போக்கர் எல்லாரும் படிக்கிற மாதிரி. மேலே "யூதருடைய ராஜா" என்று எழுத்து, கீழே ஆணியடித்துத் தொங்குகிற ஒருவர். இதைவிடப் பொருந்தாத ஒரு பலகையை உலகத்தில் யாரும் நட்டதில்லை. மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள், அவன் "நான் எழுதினது எழுதினதே" என்று சொல்லிவிட்டான். எத்தனை பெரிய வெள்ளிக்கிழமை இதைக் கேட்டிருக்கிறேன்! அன்றைக்குத்தான், பலகையும் சரி, கீழே கண்டதும் சரி, இரண்டில் ஒன்றை அழித்தால் நமக்கு ஒன்றுமே மிஞ்சாது என்று நெஞ்சில் இறங்கியது. வெகு நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது உன் கேள்வியை எடுத்துக்கொண்டேன். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று இருக்கிறது, மூன்று வசனம் தள்ளி "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று இருக்கிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கில் இரண்டும் வெவ்வேறு சொல் என்று நம் ஐயர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். முதலாவது ஆளை நசுக்குகிற பளு. இரண்டாவது ஒவ்வொருவனும் தனக்கென்று தூக்கிப்போகிற மூட்டை. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று ஆண்டவர் சொன்னதும் அதே சொல்தானாம்.

எங்களுக்கு வயதாகிறது, மகளே. அது எங்கள் மூட்டை. அதைச் சுமக்க நீ வேலையை விட்டு வர வேண்டாம். மாத்திரை வாங்க, கரண்ட் பில் கட்ட, மாடிப்படி ஏற எங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. உன் நைட் டூட்டி, அந்த ஊர்க் குளிர், நோயாளிகளிடம் தடுமாறித் தடுமாறிப் பேசுகிற ஜெர்மன், அது உன் மூட்டை; நீ தூக்குவாய், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நசுக்குகிற நாள் ஒன்று உனக்கும் வரலாம், எங்களுக்கும் வரலாம். அன்றைக்கு லேசான வீக்கம் என்று பொய் சொல்ல மாட்டோம். நீயும் "நல்லாத்தான் இருக்கேம்ப்பா" என்று சொல்லக் கூடாது. நீ ஒரு படம் அனுப்பினாயே, சிவப்பு வட்டம் போட்டு வண்டி போகக்கூடாது என்று ஒரு பலகை, அதன் கீழே சின்ன வெள்ளைத் தகட்டில் "ஆன்லீகர் ஃப்ரை" என்று. அங்கே வீடோ காரியமோ உள்ளவர்கள் மட்டும் போகலாம் என்று அர்த்தம் சொன்னாய். நம் ஊர் ரோட்டில் அப்படி ஒரு தகட்டை வைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. டீக்கடை அண்ணாச்சியின் நோட்டும், ஆட்டோப் பையன் பணத்தைத் தள்ளிய கையும், காவல்காரர் தூக்கிய கூடையும் அந்தத் தகடுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே நான் கிறிஸ்மஸுக்குச் சொன்னதே நிற்கட்டும், அங்கே ஊன்றி இரு. அதன் கீழே இந்தத் தகட்டையும் சேர்த்துப் படித்துக்கொள்: இங்கே உனக்கு வீடு இருக்கிறது. காரணம் சொல்லாமல் வரலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் வரலாம்.

முதலூர் மஸ்கோத்து அல்வா ஒரு கிலோவும் பருப்புப்பொடியும் தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்காதே, கல்லாகிவிடும். உன்னோடு தங்கியிருக்கிற கேரளாப் பிள்ளைக்கும் கொடு.

"நாய்கள் ஜாக்கிரதை" போர்டைக் கழற்றப் போனேன், நாலு திருகாணியும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கழன்றுவிடும்.

அன்புடன்,
அப்பா